கேள்வி–பதில்: கையெழுத்துப் போட்ட பிறகு விழுந்த பேரரசுகள்

சென்ற இதழில், முதல் உலகப் போர் நின்ற 1918 நவம்பர் 11 பற்றிய ஒரு பதிலின் நடுவே, "சில பேரரசுகளைப் போரில் அடைந்த தோல்வியைவிடப் போரை நிறுத்திய விதம்தான் சீக்கிரம் சாய்த்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

ஐயா, போர்நிறுத்தம் என்றால் சண்டை நிற்பதுதானே? சண்டை நின்றால் அரசுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பிறகு எப்படி அது அரசையே விழவைக்கும்?
— படிவம் 6 மாணவி, சுங்கை சிப்புட்

இரு பக்கமும் சமபலத்தோடு இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கொரியாவில் 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை, இரண்டு அரசுகளும் இருக்கின்றன. ஒரு பக்கம் தளர்ந்துபோய்க் கேட்டு வாங்கும் போர்நிறுத்தத்தின் கதை வேறு.

முதலில் இரண்டு தாள்களைப் பிரித்துப் பாருங்கள். போர்நிறுத்தத்தைப் பெரும்பாலும் தளபதிகள் தங்களுக்குள் சில நாட்களில் பேசி முடிக்கிறார்கள். எல்லை எங்கே, ஆட்சி யாருக்கு என்பதை முடிவுசெய்வது அமைதி ஒப்பந்தம். அதற்கு மாதங்களோ வருடங்களோ ஆகும். ஒட்டோமான் துருக்கி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது 1918 அக்டோபர் 30. நிலைத்து நின்ற அமைதி ஒப்பந்தம் லோசான் நகரில் கையெழுத்தானது 1923 ஜூலை 24. இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம்.

ஆபத்தெல்லாம் அந்த இடைவெளியில்தான். பல மொழி, பல இனம் சேர்ந்த ஒரு பேரரசை ஒட்டவைத்திருப்பவை படை, ரயில், தந்தி, துறைமுகம், தானியக் கிடங்கு. போர்நிறுத்தத் தாள் முதல் நாளே கேட்பதும் இவற்றைத்தான். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், பழைய நிர்வாகி இன்னும் பங்களாவில் இருக்கிறார், பெயர்ப்பலகையும் மாறவில்லை. ஆனால் லோரி, டெலிபோன், ஸ்டோர் சாவி மூன்றும் வேறு ஆளிடம் போய்விட்டன. சம்பள நாளன்று தொழிலாளர்கள் யார் வீட்டு வாசலில் நிற்பார்கள் என்று யோசியுங்கள்.

முட்ரோஸ் போர்நிறுத்தத்தில் அப்படி என்னதான் எழுதியிருந்தது? பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.
— ஒரு வாசகர், கோலகங்சார்

விரிவாகவே சொல்லலாம், இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

மேலே சொன்ன 1918 அக்டோபர் 30 துருக்கிப் போர்நிறுத்தம்தான் இது. இடம், ஏஜியன் கடலில் லெம்னோஸ் தீவின் முட்ரோஸ் துறைமுகம். பேச்சு நடந்தது 'அகமெம்னான்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில். பிரிட்டன் சார்பில் அட்மிரல் கால்தார்ப், துருக்கி சார்பில் கடற்படை அமைச்சர் ரவூப் பே. பிரெஞ்சுக்காரர்களை மேசைக்கே அழைக்கவில்லை. அந்தக் கசப்பு பின்னால் துருக்கியர்களுக்கே உதவியது என்பது தனிக் கதை. மொத்தம் 25 பிரிவுகள். மறுநாள் அக்டோபர் 31 நண்பகலில் சண்டை நிற்க வேண்டும்.

பிரிவு 1: டார்டனெல்ஸ், போஸ்பரஸ் நீரிணைகளைத் திறந்துவிட்டு, அவற்றின் கோட்டைகளை நேசநாடுகளிடம் (பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி அணியிடம்) ஒப்படைக்க வேண்டும். தலைநகர் இஸ்தான்புல்லின் வாசற்கதவே அதுதான். பிரிவு 5: எல்லைக் காவலுக்கும் உள்நாட்டு ஒழுங்குக்கும் தேவையானவர்கள் போக மீதிப் படையை உடனே கலைக்க வேண்டும். பிரிவு 10: டாரஸ் மலைச் சுரங்கப்பாதைகள் நேசநாடுகள் கைக்குப் போகும். துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவிலிருந்து சிரியாவுக்குப் போகும் ரயில் அந்தச் சுரங்கங்கள் வழியாகத்தான் போக வேண்டும். பிரிவு 12: தந்தியும் கம்பியில்லாத் தந்தியும் நேசநாடுகளின் கட்டுப்பாட்டில். பிரிவு 15: ரயில்களை மேற்பார்க்க அவர்களுடைய அதிகாரிகள். பிரிவு 16: ஹிஜாஸ், ஏமன், சிரியா, மெசபொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) மிச்சமிருக்கும் காவற்படைகள் சரணடைய வேண்டும்.

இவையெல்லாம் கடுமையானவை, ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவை. அடுத்த இரண்டு அப்படியல்ல. பிரிவு 7 சொன்னது: நேசநாடுகளின் பாதுகாப்புக்கு ஆபத்தான நிலைமை எழுந்தால், போர்முக்கியத்துவம் உள்ள எந்த இடத்தையும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். பிரிவு 24: கிழக்கே ஆர்மீனியர் வாழும் ஆறு மாகாணங்களில் கலவரம் ஏற்பட்டால், அவற்றின் எந்தப் பகுதியையும் பிடித்துக்கொள்ளும் உரிமை உண்டு. 'ஆபத்து' எது, 'கலவரம்' எது என்று யார் தீர்மானிப்பது? தாளில் அதற்குப் பதிலே கிடையாது. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தான்.

விளைவை நாள் வாரியாகப் பாருங்கள். போர் நின்ற அன்று மோசுல் நகரம் இன்னும் துருக்கியர் கையில் இருந்தது. நவம்பரின் முதல் பாதிக்குள் ஜெனரல் மார்ஷலின் பிரிட்டிஷ் படை உள்ளே போய்விட்டது. துருக்கித் தளபதி அலி இஹ்சான் ஆட்சேபித்தார், அவருக்குக் காட்டப்பட்டது போர்நிறுத்தப் பிரிவுகள்தான். நவம்பர் 13-இல் நேசநாடுகளின் கப்பற்படை இஸ்தான்புல் முன் நங்கூரமிட்டது. 1919 மே 15-இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோதும் பிரிவு 7-தான் போர்வை. போரில் பிடிக்காத இடங்களைப் போர் நின்ற பிறகு ஒரு வாக்கியத்தை வைத்துப் பிடித்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மதீனாவில் ஃபக்ரி பாஷா பிரிவு 16-ஐ ஏற்க மறுத்து, 1919 ஜனவரி வரை நகரத்தை விடவில்லை. மைய அரசின் கட்டளையைத் தளபதிகளே கேட்பதில்லை என்ற நிலை அங்கேயே தொடங்கிவிட்டது. பேரரசு அழிவதற்கு எதிரி மட்டும் போதாது, சொந்த ஆட்களும் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டும்.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை ஒரே நாளில் லட்சக்கணக்கில் கைதானது என்று படித்தேன். போர்நிறுத்தம் ஆன பிறகா? நம்ப முடியவில்லை.
— ஓய்வுபெற்ற கிராணி, லிந்தாங்

நம்பலாம். இத்தாலியில் பதுவா நகரத்துக்கு அருகில் வில்லா ஜுஸ்தி என்ற மாளிகையில் 1918 நவம்பர் 3 பிற்பகல் கையெழுத்தானது. ஆஸ்திரியா சார்பில் ஜெனரல் வெபர், இத்தாலி சார்பில் ஜெனரல் படோலியோ. அமலுக்கு வரும் நேரம் மறுநாள், நவம்பர் 4, பிற்பகல் 3 மணி. கட்டளை எல்லா முனைக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக 24 மணி நேரம் இடைவெளி.

ஆஸ்திரியத் தலைமையகமோ தன் வீரர்களுக்குச் சண்டையை உடனே நிறுத்தும்படி நவம்பர் 3-ஆம் தேதியே உத்தரவு அனுப்பிவிட்டது. ஒரு பக்கம் ஆயுதத்தைக் கீழே வைத்தாயிற்று, மறுபக்கத்துக்கு இன்னும் முழு ஒரு நாள் போர் பாக்கி. இத்தாலியர்கள் அந்த ஒரு நாளையும் விடவில்லை. நடந்துபோய்ச் சுற்றி வளைத்தார்கள். எதிர்ப்பே இல்லாமல் லட்சக்கணக்கானோர் கைதானார்கள். இத்தாலியர்கள் ஏமாற்றினார்கள் என்று வியன்னாவில் பேசினார்கள். தாளில் நேரம் தெளிவாகவே இருந்தது, அதைச் சரியாகப் படித்து உத்தரவு எழுதாத தலைமையகத்தின் பிழைதான் பெரிது என்பது எங்கள் கருத்து.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பேரரசைப் பொறுத்தவரை கையெழுத்தைவிடப் பெரிய அடி, போர்நிறுத்தம் 'கேட்டது'தான். 1918 அக்டோபர் முதல் வாரத்தில் வியன்னா, அமெரிக்க அதிபர் வில்சனின் 14 அம்சங்களின் அடிப்படையில் பேசலாம் என்று எழுதியது. அவற்றில் 10-ஆவது அம்சம் பேரரசின் மக்களுக்குத் தன்னாட்சி பற்றியது. அக்டோபர் 18 தேதியிட்ட பதில் வந்தது: செக்கோஸ்லோவாக்கியரை அமெரிக்கா ஏற்கெனவே அங்கீகரித்துவிட்டது, வெறும் தன்னாட்சி இனிப் போதாது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பேரரசர் கார்ல், ஆஸ்திரியப் பாதியைக் கூட்டாட்சியாக்கும் பிரகடனத்தை வெளியிட்டிருந்தார். அது வெறும் காகிதமாகிப்போனது.

பிறகு வெளியுறவு அமைச்சர் அண்ட்ராசி, வில்சன் சொன்னதையெல்லாம் ஏற்று உடனே போர்நிறுத்தம் வேண்டும் என்று எழுதினார். அக்டோபர் 28 காலை அந்தச் செய்தி பிராகுக்கு வந்தது. வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் ஒரு பத்திரிகை அலுவலகம் 'போர்நிறுத்தம்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட, கூட்டம் திரண்டு பேரரசின் கழுகுச் சின்னங்களைப் பெயர்க்கத் தொடங்கியது. அன்று காலையே செக் தேசியக் குழுவினர் முதலில் போய்க் கையில் எடுத்தது எது தெரியுமா? அரண்மனையும் அல்ல, படைமுகாமும் அல்ல, போர்க்காலத் தானிய அலுவலகம். தானியம் அவர்கள் கைக்கு வந்தபின் படைக்குப் போவதும் அவர்கள் கையில். அன்று மாலைக்குள் சுதந்திரப் பிரகடனம். வில்லா ஜுஸ்தியில் கையெழுத்தாவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வெபர் கையெழுத்திட்டபோது, அவர் எந்த நாட்டின் பெயரில் கையெழுத்திட்டாரோ அது பாதி கலைந்திருந்தது.

படையைக் கலைக்காமல் வைத்திருந்தால் பிழைத்திருக்குமா?
— எஸ். ஆர்., தஞ்சோங் ரம்புத்தான்

பேரரசு பிழைத்திருக்காது. நாட்டின் நடுப்பகுதி பிழைத்திருக்கலாம். இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஹங்கேரியில் 1918 அக்டோபர் 31-இல் காரோயி ஆட்சிக்கு வந்தார். அவருடைய போர் அமைச்சர் பேலா லிண்டர், ஹங்கேரிய வீரர்கள் ஆயுதத்தைக் கீழே போட வேண்டும் என்று உத்தரவிட்டார், இனி எந்தச் சிப்பாயையும் பார்க்கவே விரும்பவில்லை என்றும் பேசினார். நவம்பர் 13-இல் பெல்கிரேடில் ஹங்கேரிக்கென்று தனியாக ஒரு இராணுவ உடன்பாடு. படையின் அளவு 6 காலாட்படைப் பிரிவு, 2 குதிரைப்படைப் பிரிவு. ஒரு எல்லைக்கோடு போட்டு, அதற்கு அப்பால் 8 நாளில் விலக வேண்டும். விலகிய இடத்திலும் சிவில் நிர்வாகம் ஹங்கேரியுடையதே என்றது தாள். ஆனால் ருமேனியரும் செக்குகளும் அந்தக் கோட்டை மதிக்கவில்லை, முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். தடுக்கப் படை இல்லை. 1919 மார்ச்சில் இன்னும் பின்வாங்கச் சொல்லி ஒரு கட்டளைக் குறிப்பு வந்ததும் காரோயி விலகினார், பேலா குன்னின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1920 ஜூன் 4, திரியானோன் ஒப்பந்தத்தில் பழைய ஹங்கேரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலம் போயிற்று.

துருக்கியின் கிழக்கே எர்சுரூமில் இருந்த தளபதி காசிம் கராபெகிர் வேறு மாதிரி நடந்துகொண்டார். ஆயுதக் குறைப்பு எப்படி நடக்கும் என்றால், துப்பாக்கியை முழுதாக அள்ளிக்கொண்டு போவதில்லை. துப்பாக்கியின் போல்ட்டையும் பீரங்கியின் பின்மூடியையும் மட்டும் கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்வார்கள். அவை இல்லாவிட்டால் மிச்சம் வெறும் இரும்புக்குழாய். இதை மேற்பார்க்க ராலின்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எர்சுரூமுக்கு வந்தார். கராபெகிர் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்துத் தன் 15-ஆவது படைப்பிரிவைக் கலைக்காமல் காப்பாற்றினார். 1919 மே 19-இல் சம்சூனில் இறங்கிய, பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமாலுக்குக் கிழக்கே கிடைத்த முதல் உண்மையான பலம் அந்தப் படைதான். அது காப்பாற்றியது சுல்தானை அல்ல, சுல்தான் இல்லாத துருக்கியை.

ஜெர்மனி மட்டும் ஏன் துண்டு துண்டாகவில்லை?
— அதே வாசகர்

ஜெர்மனியிடமும் குறைவாகக் கேட்கவில்லை: 5,000 பீரங்கி, 25,000 இயந்திரத் துப்பாக்கி, 5,000 ரயில் என்ஜின், 1,50,000 ரயில் பெட்டி கேட்டார்கள். கடல் முற்றுகையும் தொடர்ந்தது. பேரரசர் கெய்சர் பதவி விலகியதாகக் கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பே அறிவிக்கப்பட்டது. விளிம்புகள் பறிபோயின. ஆனால் பெரும்பாலோர் ஒரே மொழிக்காரர்கள், பிரிந்துபோக ஆள் குறைவு.

போர்நிறுத்தத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுகிறீர்கள். அந்தப் பேரரசுகள் உள்ளுக்குள் எப்போதோ செத்துவிட்டன. வேர் அழுகிய மரத்தைக் காற்று தள்ளியது என்றால் காற்றா குற்றவாளி?
— முன்னாள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், கமுந்திங்

ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறோம். பஞ்சமும் படையை விட்டு ஓடியவர்களும் இல்லாமல் பிராகில் அந்தக் கூட்டம் திரண்டிருக்காது. அரபு மாகாணங்களில் பெரும்பகுதி முட்ரோஸுக்கு முன்பே போரில் போய்விட்டது. டமாஸ்கஸ் விழுந்தது அக்டோபர் 1, அலெப்போ அக்டோபர் 26.

ஒப்புக்கொள்ளாத பாதி இது. அழுகிய மரம்கூடச் சில சமயம் இருபது வருடம் நிற்கும். எந்த வாரத்தில் விழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது, யார் வீட்டுக் கூரைமேல் விழுந்தது என்பதைப் போர்நிறுத்தம் தீர்மானித்தது. பல்கேரியா 1918 செப்டம்பர் 29-இல் சலோனிக்காவில் கையெழுத்திட்ட உடனே ஜெர்மனிக்கும் இஸ்தான்புல்லுக்கும் இடையில் இருந்த தரைவழி அறுந்தது. ஒரு மாதம் கழித்து முட்ரோஸ், நான்கு நாள் கழித்து வில்லா ஜுஸ்தி, எட்டு நாள் கழித்து பிரான்சின் கம்பியேன் காட்டில் ஜெர்மனி. ஒரு நாட்டின் போர்நிறுத்தம் பக்கத்து நாட்டின் கதவைத் திறந்துவிட்டது. அழுகலை மட்டும் வைத்து இந்த வரிசையை விளக்க முடியாது.

நம் மலாயாவில் இப்படி ஒன்று நடந்ததா? ஜப்பான் காலம் முடிந்த பிறகு தோட்டத்தில் யாருமே ஆளவில்லை என்று பாட்டி சொல்வார்.
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பாட்டி சொன்னது சரிதான் அம்மா. அது போர்நிறுத்தம் அல்ல, நிபந்தனையற்ற சரணடைதல். ஆனால் இடைவெளியின் வேலை ஒன்றுதான்.

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பானியப் பேரரசரின் வானொலி அறிவிப்பு. தோக்கியோ விரிகுடாவில் முறைப்படி கையெழுத்தாகும்வரை எங்கும் தரையிறங்கக் கூடாது என்று ஜெனரல் மெக்ஆர்தர் தடுத்தார். அது நடந்தது செப்டம்பர் 2. பினாங்கில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இறங்கியது செப்டம்பர் 3, சிங்கப்பூரில் படை இறங்கியது 5, மோரிப் கடற்கரையில் 9. ஆக, முதல் காலடி விழுவதற்கே 19 நாள். அந்த நாட்களில் ஜப்பானியர் பெரிய பட்டணங்களுக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள், சிறு பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் காட்டிலிருந்து மூன்று நட்சத்திரக்காரர்கள் (ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் படையினர்) வந்தார்கள். ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு செல்லாக்காசானது. சயாம் மரண ரயிலுக்குப் போன நம்மவர்களில் உயிர் மிஞ்சியவர்கள் ஊர் திரும்ப வழியின்றி அங்கேயே கிடந்தார்கள்.

ஜாவாவை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் படை பத்தாவியாவில் இறங்கியது செப்டம்பர் 29, அதாவது 45 நாள் கழித்து. சுகார்னோ ஆகஸ்ட் 17-இலேயே சுதந்திரம் அறிவித்துவிட்டார். டச்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது அங்கே ஒரு குடியரசு நின்றுகொண்டிருந்தது. மலாயாவில் பிரிட்டிஷார் மேலும் 12 வருடம் ஆண்டார்கள். இதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் 19-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

உண்மையான ஒரு போர்நிறுத்தம் மலாயாவைத் தொட்டது என்றால் அது இன்னும் முந்தியது, 1940 ஜூன் 22. பிரான்ஸ் ஹிட்லரிடம் கம்பியேன் காட்டில் கையெழுத்திட்டது, 1918-இல் பயன்பட்ட அதே ரயில் பெட்டியில். குடியேற்ற நாடுகள் பிரான்சிடமே இருக்கும் என்றார்கள். இருந்தன, ஆனால் காக்க யாரும் இல்லை. அதே வருடம் செப்டம்பரில் ஜப்பான் இந்தோசீனாவின் வடக்கே நுழைந்தது, 1941 ஜூலையில் தெற்கே. டிசம்பர் 10-இல் குவாந்தானுக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' கப்பல்களை மூழ்கடித்த விமானங்கள் கிளம்பியது சைகோன் வட்டாரத் தளங்களிலிருந்து. பாரிசுக்கு வடக்கே ஒரு காட்டில் போட்ட கையெழுத்து, பதினெட்டு மாதத்தில் பகாங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

கடைசி துருக்கி சுல்தான் 'மலாயா' என்ற கப்பலில் தப்பினார் என்பது உண்மையா? நம் நாட்டுக்கும் அந்தக் கப்பலுக்கும் என்ன உறவு?
— பல வாசகர்கள்

உண்மை. அதற்கும் காரணம் ஒரு போர்நிறுத்தம்தான். 1922 அக்டோபர் 11-இல் முதான்யாவில் கையெழுத்தான அந்த உடன்பாட்டில் பேசியது முஸ்தபா கமாலின் அங்காரா அரசின் தளபதி இஸ்மத் பாஷா, இஸ்தான்புல்லில் இருந்த சுல்தானின் ஆள் அல்ல. அதன்பின் லோசான் மாநாட்டுக்கு நேசநாடுகள் அங்காராவையும் இஸ்தான்புல்லையும் சேர்த்தே அழைத்தன. ஒரே நாட்டுக்கு இரண்டு அழைப்பிதழா என்று கொதித்த அங்காரா சபை, நவம்பர் 1-இல் சுல்தான் பதவியையே ஒழித்தது. நவம்பர் 17 காலை கடைசி சுல்தான் ஆறாம் மெஹ்மெத் ஆம்புலன்ஸ் வண்டியில் துறைக்குக் கொண்டுவரப்பட்டு 'எச்.எம்.எஸ். மலாயா'வில் ஏறினார். கப்பல் மால்டாவுக்குப் போனது.

அந்தக் கப்பல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய்க் கூட்டு மாநிலங்களின் அன்பளிப்பு. 1912-இல் முடிவெடுத்து, 1915-இல் கடலில் இறக்கப்பட்டது. 15 அங்குலப் பீரங்கி எட்டு. விலை 30 லட்சம் பவுண்டை நெருங்கியது. மாநிலக் கஜானாவில் ஈய ஏற்றுமதி வரியும் அபின் வருமானமும் ரப்பரும் சேர்த்த பணம் அது. கிந்தா ஈயமும் தோட்டத்து ரப்பரும் அதில் உண்டு. கப்பலை 1948-இல் ஸ்காட்லாந்தில் ஃபாஸ்லேன் துறையில் உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.